சீரான நடை

மருத்துவ இயந்திரம் மூன்றாவது முறையும் அதையேதான் சொன்னது. “நடை சீராக உள்ளது. நோய் இல்லை.”

பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அது கால்கவசத்தோட நடை, இவியளோட நடை இல்ல. சட்டைக்குப் பொத்தான் போட வரல. கழுத்தக் குனிச்சா முதுகு வழியா கரண்டு அடிக்குன்னு சொல்லுதாவ. அத எழுதிக்க.”

“கவசப் பதிவில் தடுமாற்றம் எதுவும் இல்லை.”

எப்படி இருக்கும்? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் நிறுவனம் அந்த இயந்திரக் கால்கவசத்தை மாட்டிவிட்டிருந்தது. கால் இடறினால் கவசமே தூக்கி நேராக வைத்துவிடும். கழற்றுகிற சாவி நிறுவனத்திடம்.

அவள் கணவன் சவரிமுத்து எழுந்தான். “விடு பிலோ. மிஷினே ஒண்ணுமில்லங்குது. வேலைக்கு நேரமாவுது.”

எல்லோரையும்போல அவர்களும் செருப்பை மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். பிலோமினா தன்னுடையதை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவன் அதற்குள் நடுரோட்டுக்குப் போயிருந்தான். வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது செருப்பு வாசலில் இல்லை. அவர்கள் வந்த வழியில், தெருமுனையில் கவிழ்ந்து கிடந்தது.

“ஒத்தச் செருப்போடயா வந்திய?”

“ரெண்டும் போட்டிருக்கேன்லா.”

அவன் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் கரண்டு அடிக்கும். உச்சி வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. கவசம் அவனை நேராக, அழகாக நிறுத்தியிருந்தது.

“கால் சுடலையாங்க?”

“எந்தக் கால்?” என்று கேட்டான் சவரிமுத்து.