ஐம்பத்திரண்டு கிலோ

எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதைச் செல்போன் செயலியில் பார்த்தான் அடையாறு மெக்கானிக் சித்தார்த்தன்.

"வண்டி காலியாதான் கீது. அம்பத்திரண்டு கிலோ எக்ஸ்ட்ரா காட்டுது. இன்னா மச்சி ஏத்திக்கினு சுத்துற?"

கால்டாக்சி ஓட்டும் மதிவாணன் காலியாக இருந்த இடதுபக்க சீட்டைப் பார்த்தான். போன மாதம் இறந்த மனைவி மணிமொழியின் எடை அது.

மறுநாள் காலை, அவள் ஆயாவாக இருந்த கோபாலபுரம் பள்ளி வாசலில் நிறுத்தி, இடதுபக்கக் கதவைத் திறந்து மூடினான். கிளம்பியதும், தன் போனிலும் ஏற்றியிருந்த அந்தச் செயலி எக்ஸ்ட்ரா எடை பூஜ்யம் என்று காட்டியது. பகலெல்லாம் சவாரி போனான்.

நாலு மணிக்கு மனசு கேட்கவில்லை. அதே வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து காத்திருந்தான். மூடியதும், பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி வண்டி கூவியது.

அவள் என்றைக்குமே தானாக மாட்டியதில்லை. மதிவாணன் கையை நீட்டி பெல்ட்டை இழுத்தான்.