செருப்பு ஓடுது!

எட்டாம் வகுப்பின் கூரையில் தொங்கிய புரொஜெக்டர் கடைசியாக ஒளிர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. போட்ட முதல் நாளே பலகையில் “சிக்னல் இல்லை” என்று காட்ட, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அறிவியல் டீச்சர் பூங்கோதை அதைத் தொடுவதை விட்டுவிட்டார்.

“அப்படியே இரு. நீ எரிஞ்சா என்னை யார் எடுப்பாங்க?” என்றது வெள்ளைப் பலகையடியில் கிடந்த மார்க்கர்.

“ஒரே ஒரு தடவையாவது படம் காட்டிப் பாக்கணும்” என்றது புரொஜெக்டர்.

அன்று வகுப்பில் ஒரே ஒரு நுண்ணோக்கி, அதில் ஒரு சொட்டுக் குளத்துத் தண்ணீர். வரிசையில் நாற்பது பேர். மணியடிக்கப் பத்து நிமிடமே இருந்தது. ஏழு பேர்தான் பார்த்திருந்தார்கள். பூங்கோதை விறுவிறுவென்று பக்கத்து வகுப்புக்குப் போனார்.

“அன்வர் சார், புரொஜெக்டர் போட எனக்குத் தெரியல. சொல்லிக் குடுங்க.”

அன்வர் வந்து பூங்கோதையின் செல்போனில் கேபிளைச் செருகினார். ரிமோட்டை நீட்டி, “எந்தக் கேபிள்னு புரொஜெக்டருக்குச் சொல்ற இந்தப் பட்டனை அமுக்குங்க டீச்சர். அன்னைக்கு இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு” என்றார்.

பூங்கோதை அமுக்கினார். போன் கேமராவை நுண்ணோக்கியின் மேல் பிடித்தார். பலகை முழுக்க வெளிச்சம்! அதில் செருப்பு வடிவத்தில் ஏதோ ஒன்று நெளிந்து நீந்தியது.

“டீச்சர், செருப்பு ஓடுது!” வகுப்பே கத்தியது.

“அதுதான் பாரமீசியம்! ரெஜினா, ஓடி வா, வரை!”

ரெஜினா மார்க்கரை எடுத்துப் பலகையில் விழுந்த உருவத்தின் மேலேயே வரைந்தாள். கோடு முடிவதற்குள் பாரமீசியம் நழுவியது. மார்க்கர் துரத்தியபடியே புரொஜெக்டரிடம் கெஞ்சியது.

“அண்ணே, அதைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க!”

“நிக்காதுப்பா,” என்று கூவியது புரொஜெக்டர். “உயிரோட இருக்கு!”