நிபுணர் மறைத்த கடல்

புயல் உருவாகும் முன்பே லட்சத்தீவைத் தாண்டிச் சூரை மீன் பிடிக்கப் போன படகில் வில்பிரட் இருந்தான். படகோடு பேச வழியில்லை. அவன் மனைவி சகாயராணி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் வெறும் புயலாக இருந்தது மதியத்துக்குள் அதிதீவிரப் புயலாகிவிட்டது. அந்தப் பதவி உயர்வைச் செய்தி வாசிப்பவர் சொந்த மகனுக்குக் கிடைத்ததுபோல அறிவித்தார். வரைபடத்தின் முன் கோட்டு போட்ட வானிலை நிபுணர், வில்பிரட் கிடக்கும் கடலைத் தன் தொப்பையால் சரியாக மறைத்துக்கொண்டு, காற்றழுத்தக் கோட்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் மாறி நில்லுங்க சார்," என்றாள் சகாயராணி.

"டிவிக்குள்ள நிக்க ஆளுக்குக் கேக்குமா மக்களே?" என்றாள் மாமியார்.

"வேற யாருட்ட சொல்ல மாமி? எந்த ஆபீசுலயும் போன எடுக்கல்ல. இவரு ஒருத்தருதான் எதுக்க நிக்காரு."

நிபுணர் தண்ணீர் குடிக்க ஓரடி நகர்ந்தார். அவர் நின்ற இடம் முழுக்கச் சிவப்பாகச் சுழன்றது. மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சகாயராணி எழுந்துபோய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். கை போதவில்லை.

"முன்ன நின்ன எடத்துலயே நில்லுங்க சார்," என்றாள்.