டைகருக்கு ஒரு ஸ்கேன்

"பின்னங்கால நல்லாப் புடிங்க மாமா. உதைக்குது பாருங்க."

மனைவி அமிர்தம் அதட்ட, மேஜையில் மல்லாந்து கிடந்த டைகரின் கால்களை அமுக்கிப் பிடித்தார் கொளஞ்சியப்பன். குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் வரை அவரேதான் ஆட்டோ ஓட்டி வந்திருந்தார்.

கால்நடை டாக்டர் கயல்விழி, முடி மழித்த வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை ஓட்டினார்.

"எத்தன நாளா மூத்திரத்துல ரத்தம் போவுது?"

"மூணு நாளா. பாத்ரூம்ல பாத்துட்டு யாருதுன்னு கேட்டேன். டைகர் போயிருக்கும்னு இவருதான் சொன்னாரு," என்றாள் அமிர்தம்.

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ரத்தம் அவருடையது. ஆஸ்பத்திரி, ஊசி, டாக்டர் முன்னால் வேட்டியை அவிழ்ப்பது... நினைத்தாலே வியர்த்தது. வாயில் வந்த பொய்யைச் சொல்லிவிட்டார். இவள் நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள் என்று யார் கண்டது?

டாக்டர் திரையைக் காட்டினார். "இதான் புராஸ்டேட். ஆண் நாய்க்கு வயசானா வீங்கும். ரத்தமும் வரும்."

"வீங்கினா... கேன்சர்தானா மேடம்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"ஏன் அப்படி நெனைக்கிறீங்க? முக்காவாசி சாதா வீக்கம்தான். நேரத்தோட பாத்துட்டா சரி பண்ணிடலாம்."

அவருக்குப் பாதி உயிர் வந்தது. "ஸ்கேன் வலிக்குமா?"

"டைகரையே கேளுங்க."

டைகர் கொட்டாவி விட்டது.

டாக்டர் கருவியை எடுத்தார். "வெதை ரெண்டும் நல்லாருக்கு, மூத்திரப்பையிலயும் ஒண்ணுமில்ல, புராஸ்டேட்டும் அளவாத்தான் இருக்கு. அந்த ரத்தம் இதோடது இல்லீங்க."

கொளஞ்சியப்பனுக்குக் காது சுட்டது. நல்லவேளை, அமிர்தம் எதுவும் கேட்கவில்லை. ஜெல்லைத் துடைத்துவிட்டு நாயை இறக்கினாள்.

ஆட்டோவில் ஏறியதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"முழுசாக் குடிங்க."

"தாகமே இல்லயே."

"தாகத்துக்கு இல்ல. மூத்திரப்பை நெறஞ்சிருந்தாதான் ஸ்கேன்ல தெரியுமாம். அடுத்த தெரு ஆஸ்பத்திரில பதினோரு மணிக்கு உங்க பேர்ல டோக்கன் போட்டிருக்கேன்."

பாட்டில் கையிலேயே நின்றது.

"ரத்தம் கெடந்தது கக்கூஸ் கோப்பைல. டைகர் என்னிக்கு மாமா அதுக்குள்ள போயிருக்கு? நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி, வலிக்காதுன்னு கண்ணால பாத்தாத்தான் படுப்பீங்கன்னு அத மொதல்ல படுக்க வச்சேன்."