இருபத்தெட்டில் நின்ற பாதரசம்

டில்லிபாபுவின் கெண்டைக்காலுக்குள் மெல்லிய குழாய் இறங்கியபோது கங்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேஜைமேல் நின்ற பாதரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்த அழுத்தம் பார்க்கிற அதே கருவிதான். காலுக்குள் தேங்கிய நீர் எவ்வளவு நெருக்குகிறது என்று அளக்க, டாக்டர் நரசிம்மன் குழாயின் மறுமுனையை அதில் பொருத்தியிருந்தார்.

"எலும்பு உடையல. உள்ள வீங்கி நெரிக்குது. முப்பதைத் தாண்டினா உடனே கீறி விட்டுடணும். இல்லேன்னா சதை செத்துக் காலே போயிடும்."

பாதரசம் ஏறியது, கொஞ்சம் தயங்கியது, இருபத்தெட்டில் நின்றுவிட்டது.

கங்காவுக்குப் புரியவில்லை. இருபத்தெட்டை வைத்துக்கொண்டு அழுவதா, சாமிக்குக் கும்பிடு போடுவதா?

டாக்டருக்கும் அதே திண்டாட்டம் போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்ப அடிபட்டது? இப்பதான்னா ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி அளக்கலாம். ரொம்ப நேரம் ஆயிருந்தா காத்திருக்க முடியாது."

கேள்வி அவளிடம்தான் வந்தது. டில்லிபாபு பல்லைக் கடித்துக்கொண்டு மின்விசிறியை வெறித்தபடி கிடந்தான்.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் பகலவன் தொண்டையைச் செருமினான்.

பதில் தயாராகத்தான் இருந்தது. ஃபேக்டரி வேனில் வரும்போதே பகலவன் சொல்லிக்கொடுத்திருந்தான். வீட்டில் வழுக்கி விழுந்தான், கொஞ்சம் முன்னாடிதான். அக்கா வாயிலிருந்து வந்தால் டாக்டர் நம்புவார் என்றும் சொன்னான்.

அடிபட்டது காலை டீக்கு முன்னால். மண்ணூர் ஃபேக்டரியில் இரும்பு அச்சு சரிந்து காலை நசுக்கியது. ஃபேக்டரி கேட்டில் தொங்கும் போர்டின்படி, நாளையோடு விபத்தே இல்லாமல் ஒரு வருஷம். கேடயம் கொடுக்க மெட்ராஸிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் கால் நசுங்கலாமா? துணியால் இறுக்கிக் கட்டி, ஷிப்ட் முடியும்வரை ஸ்டோருக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள். அந்தக் கட்டு வேறு வீக்கத்தை வளர்த்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அந்த ஒரு சம்பளத்தில்தான் படப்பையில் குடித்தனம் ஓடுகிறது. பெரியவளுக்குப் பள்ளிக்கூடம், சின்னவனுக்குப் பால், எல்லாம் அதில்தான்.

சொல்லாவிட்டால் ஒரு மணி நேரம் போகும். அதற்குள் கால் என்ன ஆகுமோ.

"அக்கா," என்றான் டில்லிபாபு மெதுவாக. "வெரலெல்லாம் மரத்துப்போன மாதிரி கீதுக்கா."

அவள் அவன் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது அவனுக்குத் தெரியவில்லை. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"காலையில டாக்டர். டீக்கு முன்னாடியே. வூட்ல இல்ல, ஃபேக்டரியில."

வாசலில் பகலவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

டாக்டர் தியேட்டரைத் தயார்படுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தார். நர்ஸும் வார்டு பாயும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பின்னாலேயே போனவர் நின்று கங்காவை முறைத்தார்.

"கூடப் பொறந்தவதானே நீ? வந்ததுமே சொல்றதுக்கு என்னம்மா?"

"கூடப் பொறக்கல டாக்டர். அவங்க அம்மா வாலாஜாபாத்ல இருக்காங்க, இன்னும் சேதியே போவல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாசல்ல நிக்கிறாரே சூப்பர்வைசரு, நான் அவரு சம்சாரம்."