ஊசிக்கு மூடி

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா ஊசியை எடுக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். எனக்கிருந்த ஆத்திரத்தில் தடுப்பூசி போடாமல் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதாக இல்லை.

வெளியே வராந்தா பெஞ்சில் என் வீட்டுக்காரர். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறார். குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, அப்படியே டப்பாவில் போடு என்று அங்கே சுவருக்குச் சுவர் ஒட்டிவைத்திருக்கிறார்களாம். இவருக்கு எதையும் திறந்தபடி விட மனசு வராது. பேனாவுக்கு மூடி, பற்பசைக்கு மூடி, நான் பாதி குடித்து வைத்த தண்ணீர் பாட்டிலுக்கும் மூடி.

போன வாரம் ஊசிக்கும் போடப்போனார். கட்டைவிரலில் இறங்கிவிட்டது. ஹெபடைடிஸ் பி இருந்த ஒருவருக்குக் குத்திய ஊசி.

என்னிடம், தகர டப்பா கிழித்துவிட்டது என்றார். கூட வேலை பார்க்கும் பெண் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, அண்ணன் விரல் எப்படி இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டாச்சு” என்றார் இவர்.

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் நான்? ரத்தத்தில் பரவும், படுக்கையில் பரவும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தனக்கு மட்டும் பார்த்துக்கொண்ட மகராசனுக்குப் பக்கத்தில் படுக்கிறவள் ஞாபகம் வரவில்லை.

அவருடைய சவரக் கத்தி, பல் பிரஷ், நகவெட்டி மூன்றையும் தனி டப்பாவில் போட்டு அலமாரி மேல் ஏற்றினேன். தலையணையை ஹாலுக்கு எறிந்தேன். அதையே எடுத்துப் போட்டு ஹாலில் படுத்துக்கொண்டார்.

நான் தடுப்பூசி போடப்போகிறேன் என்றபோது மட்டும் குறுக்கே வந்தார். இப்போது என்ன அவசரம், எங்கள் லேபிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தார். இதிலும் சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டு, அவரைத் தெரியாத ஆஸ்பத்திரியாகப் பார்த்து வந்தேன். இங்கே முதலில் ரத்தம் எடுத்தார்கள். இன்று ரிசல்ட், கையோடு ஊசி.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குத் தடுப்பூசி போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. அந்த வைரஸ் ஏற்கெனவே உங்க உடம்புல இருக்கு.”

பாவி மனுஷன், ஒட்டவைத்துவிட்டாரே என்று அங்கேயே திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டரம்மா கையமர்த்தினார். இது போன வாரம் வந்ததில்லையாம். பல வருஷமாக இருப்பது, பிறக்கும்போது அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம். மருந்து இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலைச் சோதித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இப்போது அது கெட ஆரம்பித்திருப்பதுபோல் தெரிகிறது, உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். இதற்கு முன்னால் யாருமே உங்கள் ரத்தத்தைப் பரிசோதித்ததில்லையா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்றாவது மாதம், எனக்கு விடாத காய்ச்சல். கட்டிலில் வைத்தே கையில் ரப்பர் பட்டை கட்டி அவரே ரத்தம் எடுத்தார். வலிக்கவே இல்லை, பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் வந்து, எல்லாம் நார்மல் என்றார். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தன் தோளில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஏதோ சத்து ஊசி என்றார்.

நான் சுருட்டிய கையை இறக்கிவிடாமலே வராந்தாவுக்கு வந்தேன்.

அவர் எழுந்து நின்றார். பஞ்சு இல்லாத என் தோளைப் பார்த்தார். ஏன் ஊசி போடவில்லை என்று கேட்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“ஏன்டா சொல்லல?”