இரண்டெழுத்து வார்த்தை

“சோறு ஆறிக் கிடக்கு. அந்தப் பொம்பளைக்குப் பதில் போடாம சாப்பிட மாட்டீங்களா?”

மாரிஸ் சட்டென்று போனை மார்போடு சாய்த்துக்கொண்டார். திரை மனைவியின் கண்ணில் படவில்லை.

“பொம்பளையும் இல்ல, கிம்பளையும் இல்ல. ஸ்க்ராபிள் லா. யாரோ ஒரு ஆளு.”

“யாரோ ஒரு ஆளுக்கு இப்படியா சிரிப்பீங்க? பெத்த மகளோட ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. ஊர் பேர் தெரியாத ஆளோட நாள் பூரா வார்த்தை விளையாட்டு!”

ஜோசஃபின் தட்டை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவக் குசினிக்குப் போய்விட்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மதிய மழை தூறிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலுக்குக் கீழே மோனோரயில் ஒன்று கனவில் போவது மாதிரி வளைந்து போனது. மாரிஸ் மெல்லத் திரையைத் திருப்பினார்.

எதிர் ஆட்டக்காரரின் பெயர் நடாலி.

அவருடைய மகள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் காப்பார் ஊர்க்காரன் லோகனை இந்துக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாள். “சர்ச்சில நடக்காத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்” என்றார். போகவும் இல்லை. அதோடு பேச்சு நின்றது.

இறங்கிப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை. பேசாமல் இருக்க மனசு விடவில்லை. ‘பினாங்கு டான்’ என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, ஸ்க்ராபிள் ஆப்பில் அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். யாரோ சீனப் பெரியவர் என்று நினைத்து அவளும் வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து இதுதான் அவர்கள் பேச்சு. அவள் AA என்று வைப்பாள். அதற்கு அர்த்தம், உறைந்துபோன எரிமலைக் குழம்பு. அவர் AI என்று வைப்பார். மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சோம்பேறி விலங்கு. அவள் உயிரெழுத்தே இல்லாமல் CWM என்பாள். மலைமடியில் இருக்கும் பள்ளம். எரிமலையையும் மலைமடியையும் இரண்டு பேருமே பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வார்த்தைகளுக்குள்ளே மகளோடு நடந்துபோவது மாதிரி இருக்கும் அவருக்கு.

இன்றைக்கு அவள் வைத்த வார்த்தைதான் குழப்பியது.

OE. இரண்டே எழுத்து.

நிறையப் புள்ளி தரும் கட்டம் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது. நடாலி அதையெல்லாம் விடுகிறவள் இல்லை. OE என்றால் வடக்கே ஏதோ தீவுகளில் அடிக்கும் சுழல்காற்று. பழைய அகராதி ஒன்றிலிருந்து மனப்பாடம் செய்தது.

சுழல்காற்றை எதற்கு வைத்தாள்?

யோசித்தபடியே நாற்காலியில் கண் செருகியது. மழைச் சத்தம் கடல் சத்தமாயிற்று. காப்பார் கரை. மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு மேலே காற்று சுழன்று சுழன்று எழும்பியது. எழுத்துகள் காய்ந்த இலைகளாகப் பறந்தன. நடுவில் நடாலி, பள்ளிச் சீருடையில். ஏதோ சொல்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவர் ஓட ஓட மணல் காலைப் பின்னால் இழுத்தது.

விழித்துக்கொண்டார்.

“ஜோ! ஜோ!”

ஈரக் கையோடு ஓடி வந்தாள். “என்னங்க?”

“நடாலி... நல்லா இருக்காளா?”

அந்தப் பெயரை இந்த வீட்டில் அவர் சொல்லி மூன்று வருஷம். ஜோசஃபின் கண் கொட்டாமல் அவரைப் பார்த்தாள்.

“திடீர்னு ஏன் கேக்கறீங்க?”

“அவளுக்கு ஏதோ கஷ்டம். அந்த வீட்ல ஏதோ புயல். யார்கிட்டயும் சொல்ல முடியாம இங்க வச்சிருக்கா, பாரு!” ரகசியத்தை மறந்து போனை நீட்டினார். “இவ்வளவு நாளா நான் விளையாடினது அவகூடத்தான். நான்னு அவளுக்குத் தெரியாது. OE-ன்னா சுழல்காற்று. கிளம்பு ஜோ, காப்பாருக்குப் போவோம். லோகன் வாசலோட திருப்பி அனுப்பினாலும் பரவால்ல. எனக்கு அவளைப் பார்க்கணும்.”

ஜோசஃபின் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

“எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க. இங்கயே அர்த்தம் வருதே, அதைப் பார்க்க மாட்டீங்களா? படிங்க.”

மாரிஸ் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

ஸ்காட்லாந்து வழக்கில், பேரப்பிள்ளை என்று இருந்தது.

இன்னொரு தடவை படித்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

“பேரப்பிள்ளையா... எனக்கா?”

“பின்ன, பினாங்கு டானுக்கா?”

சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

“இரு. டான் நான்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

“போன வருஷம் ஒருநாள் இதே மாதிரி தூங்கிட்டீங்க. போன் கீழ விழுந்துச்சு. எடுத்தா மக பேரு. அப்பவே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்.”

“அப்ப, ‘யாரு அந்தப் பொம்பளை’ன்னு தினமும் என்கிட்ட சண்டை போட்டியே?”

ஜோசஃபின் கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும்னு காட்டியிருந்தா, ரோஷம் வந்து அன்னிக்கே விளையாட்டை நிறுத்தியிருப்பீங்களே!”